பனி உருகுமுன் ஒரு விருந்து

கடந்த ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் மூத்த மாணவர்களுக்கு ஒரு திரைப்படம் காட்டினோம். 'சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும்' என்று பொருள்படும் பெயர்கொண்ட ஆங்கிலச் சிறுவர் கதையைத் தழுவி 2005ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. அதற்கு முந்திய வாரங்களில் அக்கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழிற் சொல்லிக் கொடுத்திருந்தோம். படம் முடிந்து பிள்ளைகள் கலையும் வேளையில் ஒரு சிறுமி என்னிடம் வந்தாள்.

"சுவாமி, காட்டுக்குள்ள அணில் குடும்பம் நத்தார்ச் சாப்பாடு சாப்பிட்ட இடம் படத்தில வரேல்லையே?"

"ஓம் பிள்ளை, அதை விட்டிட்டினம்" என்றேன்.

"விட்டது நல்லதுதான் சுவாமி. அவை ஏன் அந்தப் பனிக்குள்ள இருந்து கொண்டாடினவை? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தப்பியிருக்கலாமெல்லோ?"

நான் ஏதோ ஒரு மறுமொழி சொன்னேன். அது எனக்கே நிறைவு தரவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் அவ்வாண்டு ஒரு சாவு நடந்திருந்தது. "இந்த வருஷம் எங்களுக்கு நத்தார் இல்லை" என்று தாயார் சில நாட்களுக்கு முன்னர்தான் என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே பிள்ளை கேட்டது வெறும் கதைக் கேள்வியன்று. துன்பம் நீங்காதிருக்கும்போது மகிழ்ந்து கொண்டாடுவது முறையா, அன்றிப் பனி முற்றாக உருகும்வரை காத்திருப்பதுதான் அறிவுடைமையா என்பதே அக்கேள்வி. அதற்கு உரிய மறுமொழியைத் தேடி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கதையும் அதன் காடும்

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். இதை எழுதியவர் சி. எஸ். லூயிஸ். 1898இல் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். இளமையில் விசுவாசத்தைக் கைவிட்ட அவர் 1931இல் மீண்டும் கிறிஸ்தவரானார். அந்த மனமாற்றத்தில் அவருடைய கத்தோலிக்க நண்பர் டொல்கீனுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் லூயிஸ் ஆங்கிலிக்கன் திருச்சபையிலேயே இருந்தார். 1939இல் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டனிலிருந்து வெளியூர்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் சிலர் அவருடைய வீட்டிலும் தங்கினர். பனி மூடிய காட்டில் குடையும் பொதிகளும் தாங்கி நடக்கும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் உருவம் தமது 16ஆம் வயதளவிலிருந்தே தம் மனத்தில் இருந்ததாகவும், நாற்பது வயதை அண்டியபோதே அதைக் கதையாக்க முயன்றதாகவும் அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். நூல் 1950 ஒக்டோபரில் வெளியாயிற்று.

பீற்றர், சூசன், எட்மண்ட், லூசி என்னும் நான்கு பிள்ளைகள் போர்க்காலத்தில் ஒரு கிராமத்துப் பெரிய வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். கடைக்குட்டி லூசி அங்குள்ள அலுமாரி ஒன்றினுள் நுழைகிறாள். தொங்கும் கம்பளி அங்கிகளை விலக்கி விலக்கி உள்ளே போகிறாள். அங்கி இருந்த இடத்தில் ஊசியிலை மரக் கிளைகள் முகத்திற் குத்துகின்றன; காலடியிற் பனி நொறுங்குகிறது. அதுதான் நார்னியா என்னும் நாடு. வெள்ளைச் சூனியக்காரி ஒருத்தி அந்நாட்டைத் தன் பிடிக்குள் வைத்திருக்கிறாள். அவளுடைய மாயத்தால் அங்கு எப்போதும் மாரிப்பனி. ஆனால் நத்தார் மட்டும் வருவதேயில்லை.

இங்கே நம்மவருக்கு ஒரு தடை உண்டு. பனி என்றால் நமக்கு அச்சம் தோன்றாது. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தபோது முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே கொடுத்தனர். அந்தப் பனியோ புல் நுனியில் நின்று வெயில் ஏறக் கரைந்துபோவது. கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் உறவினர் அனுப்பும் படங்களில் வரும் பனியும் பிள்ளைகளுக்கு அழகாகவே தெரிகிறது. பாலன் குடிலுக்கு மேல் நாம் தூவும் பஞ்சும் அழகுக்காகத்தான். லூயிஸ் காட்டும் பனி வேறு. அது விதை முளைக்காத நிலம், ஓடாத ஆறு, வெளியிலே அகப்பட்டவன் இரவுக்குள் விறைத்துச் சாகும் குளிர். இங்கிலாந்தில் 1947இன் தொடக்கத்தில் நிலவிய கடுங்குளிரை அனுபவித்த மக்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. நாமோ அதை நம் நாட்டுக் கடும் வரட்சியோடு ஒப்பிட்டுத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்: கிணறு வற்றி, மாடு மெலிந்து, மழை வருமென்று சொல்லவும் வாய் வராத காலம். அத்தகைய காலம் முடிவின்றி நீள்கிறது என்று எண்ணிக்கொண்டால் நார்னியாவின் காடு நமக்குப் புலப்படும்.

பனிக்குள் இரண்டு வகை உணவு

இக்காட்டுக் கதையில் உணவு அடிக்கடி வருகிறது. எட்மண்ட் முதன்முதற் சூனியக்காரியைச் சந்திக்கும்போது அவள் அவனுக்கு ஒரு பெட்டி நிறையத் துருக்கி இனிப்பு கொடுக்கிறாள். நம்மூர் மஸ்கற்றைப் போல வழவழப்பான பண்டம் அது. இங்கிலாந்தில் இனிப்புப் பண்டங்களுக்கான பங்கீடு 1953 பெப்ரவரியிற்றான் முற்றாக நீக்கப்பட்டது. ஆகவே 1950இல் இக்கதையை வாசித்த சிறுவனுக்கு ஒரு பெட்டி இனிப்பென்பது எவ்வளவு பெரிய சோதனை என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இனிப்பை எட்மண்ட் தனியாகத் தின்கிறான். தின்னத் தின்ன ஆசை பெருகுகிறதேயன்றிப் பசி அடங்குவதில்லை. மேலும் கிடைக்கும் என்ற ஆசையில் உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கத் துணிகிறான். ஒழுங்கற்ற இச்சை என்று ஒழுக்கவியல் கூறுவதை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்துக் காட்டிவிடுகிறார் ஆசிரியர்.

காட்டில் வேறு வகை உணவும் உண்டு. சூனியக்காரியின் ஒற்றனாக இருந்த ஆட்டுக்கால் மனிதன் தும்னஸ், லூசியைத் தேநீருக்கு அழைத்துச் சென்று, பின்னர் மனம் வருந்தி அவளைத் தப்பவிடுகிறான். நீரில் அணை கட்டி வாழும் பீவர் தம்பதியர் நான்கு பிள்ளைகளுக்கும் மீன் பொரித்துப் பரிமாறுகின்றனர். அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் எட்மண்ட் எவருமறியாமல் நழுவுகிறான். அங்கியையும் எடாமல் பனிக்குள் இறங்கிச் சூனியக்காரியின் வீட்டைத் தேடிப் போகிறான். அங்கே அவனுக்கு இனிப்பு கிடைக்கவில்லை. உலர்ந்த பாணும் தண்ணீரும்தான் கிடைக்கின்றன. பகிர்ந்துண்ணும் மேசையை விட்டெழுந்து தனிப் பெட்டியை நாடியவனுக்குக் கடைசியில் இரண்டும் இல்லை.

இதற்கிடையில் நத்தார் தாத்தா அக்காட்டுக்குள் வந்துவிடுகிறார். நெடுங்காலம் அவரை வெளியே தடுத்துவைத்திருந்த மாயம் தளரத் தொடங்கிவிட்டது. பீற்றருக்கு வாளும் கேடயமும், சூசனுக்கு வில்லும் ஊதுகொம்பும், லூசிக்குக் காயம் ஆற்றும் மருந்தும் ஒரு குறுவாளும் கொடுக்கிறார். அத்துடன் பீவரின் மனைவிக்குப் புதுத் தையல் மெசின். பீவரின் அணைக்குப் புது மதகு. எல்லோருக்கும் சுடச்சுடத் தேநீர். இக்கதைக்கு நத்தார் தாத்தா பொருந்த மாட்டார், நீக்கிவிடுங்கள் என்று நண்பர் ரொஜர் லான்ஸ்லின் கிறீன் ஆலோசனை கூறியும் லூயிஸ் கேட்கவில்லை. டொல்கீனுக்கும் பல்வேறு புராணங்களைக் கலந்த இக்கதை பிடிக்கவில்லை. இலக்கிய முறையில் அவர்கள் கூறியதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவரை நீக்கியிருந்தால், நாம் இங்கு பேசவிருக்கும் விருந்தும் நடந்திராது.

மரத்தடி மேசை

சூனியக்காரி எட்மண்டைத் தன் சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு பனியைக் கிழித்துப் பாய்கிறாள். விடிந்தபின் ஒரு மரத்தடியில் சிறு கூட்டமொன்று தெரிகிறது. ஓர் அணில், அதன் மனைவி, பிள்ளைகள், ஆட்டுக்கால் வனவாசிகள் இருவர், ஒரு குள்ளன், ஒரு கிழ நரி. மேசையைச் சுற்றி அமர்ந்து நத்தார் விருந்துண்கிறார்கள். நரி எழுந்து நின்று, கையிற் கிண்ணத்துடன் ஏதோ பேச வாயெடுக்கிறது. வண்டி நிற்கிறது. எல்லோரும் உறைந்துபோகிறார்கள்.

சூனியக்காரி கேட்கும் முதற் கேள்வியைக் கவனியுங்கள். ஏன் இந்தப் பெருந்தீனி, ஏன் இந்த வீண்செலவு என்ற கருத்துப்படக் கேட்கிறாள். ஒரு பிள்ளையைக் கெடுப்பதற்கு இறாத்தற் கணக்கில் இனிப்பை ஊட்டியவள், ஏழைகளின் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கண்டதும் சிக்கனம் பிரசங்கிக்கிறாள்! நரியோ பணிவாக மறுமொழி சொல்லி, அவளுடைய நலத்துக்காகவும் கிண்ணத்தை உயர்த்த முன்வருகிறது. பகைவிக்கும் அந்த மேசையில் ஒரு வாழ்த்து இருந்தது.

உணவைத் தந்தவர் நத்தார் தாத்தா என்று தெரிந்ததும் அவளுக்கு வெறி பிடிக்கிறது. அவர் வரவில்லை, பொய் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டால் மன்னிப்பேன் என்கிறாள். பெரியவர்கள் திகைத்து நிற்க, அணிற்குஞ்சு ஒன்று தன்னை மறந்து, கையிலிருந்த கரண்டியால் மேசையில் அடித்து, அவர் வந்தார், வந்தார் என்று கத்துகிறது. சூனியக்காரி கோலை உயர்த்துகிறாள். வேண்டாம் என்று எட்மண்ட் அலறுகிறான். அடுத்த கணத்தில் அங்கிருந்தவை கல்லான மேசையும் கல்லான விருந்தினருமே. எட்மண்டின் முகத்தில் ஓர் அறை விழுகிறது. வண்டி மீண்டும் ஓடுகிறது. அப்போதுதான் இக்கதையில் முதன்முறையாக எட்மண்ட் தன்னைத் தவிர வேறொருவருக்காக வருந்துகிறான் என்று ஆசிரியர் எழுதுகிறார். ஆண்டுக்கணக்கில் பாசி படர்ந்து, முகங்கள் சிதைந்து உதிரும்வரை அவர்கள் அங்கேயே இருப்பார்களே என்று அவன் நினைக்கிறான்.

இதற்குப் பின்னரே பனி உருகுகிறது. தண்ணீர் ஓடும் ஓசை கேட்கிறது. மரமொன்று தன் பனிச்சுமையை உதிர்த்துவிட்டுப் பச்சையாய் நிற்கிறது. மஞ்சட் பூக்கள் தலை நீட்டுகின்றன. சூனியக்காரியின் வண்டி சேற்றிற் புதைகிறது. கைகள் கட்டப்பட்ட நிலையில் எட்மண்ட் இவற்றைக் காண்கிறான். இது வெறும் பனியுருகலன்று, வசந்தம். சிங்கமாகிய அஸ்லானின் செயல் என்று சூனியக்காரியின் வேலைக்காரக் குள்ளனே சொல்லிவிடுகிறான். வெளியே காடு இளகுமுன் உள்ளே ஒரு பிள்ளையின் நெஞ்சு இளகிவிட்டது. இந்த வரிசையை ஆசிரியர் எண்ணிப் பார்த்தே அமைத்திருக்க வேண்டும்.

படம் எடுத்ததும் விட்டதும்

இனித் திரைப்படத்துக்கு வருவோம். நியூசிலாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ அடம்சன் இயக்கிய இப்படம் பெரும்பாலும் அந்நாட்டிலும், சில பகுதிகள் செக் நாட்டிலும் படமாக்கப்பட்டன. ஒப்பனைக்காக 2006இல் ஒஸ்கார் விருதும் பெற்றது. லூயிஸின் வளர்ப்பு மகன் டக்ளஸ் கிரெஷாமும் தயாரிப்பிற் பங்குகொண்டார். நல்ல படம், பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கது. நூலில் ஓரிரு வரியில் முடியும் குண்டுவீச்சை, படம் தொடக்கத்திலேயே முழுக் காட்சியாக்குகிறது. எட்மண்ட் தன் தந்தையின் படத்தை எடுப்பதற்காக, குண்டு விழும் நேரத்தில் வீட்டுக்குள் ஓடுகிறான். அவனுடைய மனக்காயம் நமக்கு விளங்குகிறது. இது நல்ல சேர்க்கை என்றே சொல்வேன்.

ஆனால் மரத்தடி விருந்து படத்தில் இல்லை. நரி உண்டு. அந்த நரி அஸ்லானுக்குப் படை திரட்டும் வீரன். சூனியக்காரியிடம் அது பிடிபடுகிறது. அதைக் காப்பாற்றும் நோக்கத்தோடு எட்மண்ட் தனக்குத் தெரிந்த செய்தியைச் சொல்லிவிடுகிறான். அப்படியிருந்தும் நரி கல்லாகிறது. நூலிற் கல்லானவர்கள் படைவீரர்களல்லர். பெற்றோரும் பிள்ளைகளும், அயலவரும், ஒரு கிழவருமே. உண்டது தவிர அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. போரில் அகப்பட்டவர்களைப் போர் செய்தவர்களாக மாற்றிவிட்டாற் கதை எளிதாகிவிடும், உண்மை குறைந்துவிடும். இந்த வேறுபாட்டை நம் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. படத்தில் நத்தார் தாத்தா பிள்ளைகளுக்கு ஆயுதங்களையும் மருந்தையும் கொடுத்து, மாரி முடியப் போகிறது என்கிறார். அதைக் கேட்ட பீற்றருக்கு உடனே தோன்றுவது, அப்படியானால் ஆற்றின் மேலுள்ள பனிக்கட்டி உடைந்துவிடுமே என்ற பயம். அடுத்து ஓநாய்கள் துரத்த, வெடிக்கும் பனியாற்றைக் கடக்கும் நீண்ட காட்சி. நூலில் இது இல்லை. நூலில் வசந்தம் ஓசையின்றி வருகிறது. படத்தில் அது ஆபத்தாக வருகிறது. தையல் மெசினும் மதகும் தேநீரும் படத்திற் காணாமற் போயின. நத்தார் ஏறத்தாழ ஓர் ஆயுத விநியோகமாகிவிட்டது. இதற்கு முன் 1979இல் பில் மெலண்டெஸ் தயாரித்த சித்திரப்படத்தில் நத்தார் தாத்தாவே இல்லை. பரிசுகளை அஸ்லானே கொடுத்துவிடுகிறது.

இரண்டு மணி நேரத்துக்குமேல் பிள்ளைகளை இருக்கையில் இருத்த வேண்டிய இயக்குநரை நான் குறைகூற விரும்பவில்லை. ஒரு கதையை வேறு வடிவத்துக்குக் கொண்டுவருபவன் சிலவற்றை விடத்தான் வேண்டும். எனினும் எதை விடுகிறோம் என்பதில், எதை நாம் முக்கியமாகக் கருதுகிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. பனிக்குள் உண்ட விருந்தைக் கதைக்கு வேண்டாததென்று படம் முடிவு செய்தது. அது வேண்டாத காரியமென்றே அந்தச் சிறுமியும் நினைத்தாள்.

பொறுத்திருந்திருக்கலாமா?

அவளுடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. விவேகம் தலையாய நற்பண்புகளில் ஒன்று. புனித தோமஸ் அக்குவினாஸ் நம்பிக்கையாகிய எதிர்நோக்கைப் பற்றிக் கூறும்போது, அது இனி வரவிருக்கின்ற, அடைவதற்கு அரிய, ஆனால் அடையக்கூடிய நன்மையைப் பற்றியது என்கிறார். அதற்கு எதிரான பாவங்கள் இரண்டு: ஒன்று நம்பிக்கையிழத்தல், மற்றது மிதமிஞ்சித் துணிதல். அப்படியாயின் அணிற் குடும்பம் மிதமிஞ்சித் துணிந்ததா? சூனியக்காரியின் பாதையோரத்தில் மேசை போட்டது விவேகமா?

மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அவர்கள் வெற்றிவிழாக் கொண்டாடவில்லை. சூனியக்காரி ஒழிந்தாள் என்று பறை அடிக்கவில்லை. வந்த ஒருவருக்காக, கிடைத்த ஒரு கொடைக்காக நன்றி கூறி உண்டார்கள். இனி வரப்போவதைத் தம் கையில் உள்ளதுபோல் எண்ணுவதே மிதமிஞ்சிய துணிவு. ஏற்கெனவே வந்ததை வந்ததென்று ஏற்றுக்கொள்வது துணிவன்று. உண்மைக்குச் செய்யும் மரியாதை. பயத்தினால் அதை மறைத்திருக்கலாம், மறைப்பதும் பாவமன்று. அதே நாளில் பீவர் தம்பதியரும் மூன்று பிள்ளைகளும் ஒரு பொந்தில் ஒளித்திருந்தார்கள். அதை எவரும் கோழைத்தனம் என்பதில்லை. ஒளிப்பதற்கும் காலமுண்டு, மேசை போடுவதற்கும் காலமுண்டு. ஆனால் நேரடியாகக் கேட்கப்பட்டபோது வந்தவரை வரவில்லை என்று சொல்லக்கூடாது. அந்த அணிற்குஞ்சு சொல்லவில்லை.

இரண்டாவது, பழியை உரிய இடத்தில் வைக்க வேண்டும். விருந்துண்டதால் அவர்கள் கல்லானார்கள் என்று சொல்லும்போது நாம் அறியாமலே சூனியக்காரியின் பக்கம் பேசிவிடுகிறோம். கோலை உயர்த்தியவள் அவள். துன்பப்பட்டவனிடமே 'நீ ஏன் அங்கே போனாய், நீ ஏன் அப்படிச் செய்தாய்' என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அக்கேள்வி அனுதாபம்போற் தோன்றும். உண்மையில் அது குற்றத்தைக் குற்றவாளியிடமிருந்து எடுத்து, பாதிக்கப்பட்டவனின் தலையில் வைத்துவிடுகிறது.

மூன்றாவது, ஒரு நற்செயலின் பலன் எங்கே போய்ச் சேரும் என்பதைச் செய்பவன் அறிவதில்லை. வண்டியில் இருந்த பிள்ளை யாரென்பது அந்த விருந்தினருக்குத் தெரியாது. அவன் தன் உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுத்தவன் என்பதும் தெரியாது. அவர்களுடைய விருந்தும் முடிவும் அவனுடைய உள்ளத்திற் கருணையின் முதற்பொறியை மூட்டின. அறிவுரையும் தண்டனையும் சாதிக்காததை, பகிர்ந்துண்ட ஒரு மேசையின் காட்சி சாதித்தது. ஆனால் இதைக் காரணம் காட்டி அவர்களுடைய அழிவு நல்லதென்று சொல்லிவிடக்கூடாது. தீமையிலிருந்து இறைவன் நன்மையை வருவிக்க வல்லவர். அதனாற் தீமை நன்மையாகிவிடாது. சூனியக்காரியின் முற்றத்திலிருந்த சிலைகளுக்குச் சிங்கம் மூச்சூதி உயிரளித்ததை விரிவாக எழுதிய லூயிஸ், இந்த மேசையைச் சுற்றியிருந்தோருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தனியே விவரிக்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போகையில் எனக்கு எப்போதும் மனம் கனக்கும்.

திருச்சபையின் நாட்காட்டியும் இதையே கற்பிக்கிறது. நத்தாருக்கு மறுநாள், டிசெம்பர் 26, முதல் வேதசாட்சி முடியப்பரின் திருநாள். 28ஆம் திகதி மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பீடத்தில் வெள்ளை உடை மாறிச் சிவப்பு வருவதற்கு ஒரு நாள் போதும். வானதூதர் இடையர்களுக்கு நற்செய்தி சொன்ன இரவில் ஏரோது அரியணையில்தான் இருந்தான். அவன் தொலையட்டும், பிறகு பாடுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 2004ஆம் ஆண்டின் அந்த டிசெம்பர் 26இல் கடல் எழுந்து வந்து அள்ளிச் சென்றபோது, நம் கரையோரப் பங்குகளில் முதல் நாளின் நத்தார் அலங்காரம் இன்னும் கழற்றப்படாமலிருந்தது. நத்தாரும் அழுகையும் அடுத்தடுத்து வருவதை நமக்கு எந்தக் கதையும் கற்பிக்க வேண்டியதில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இரவிரவாக நடந்தபோது நான் பாடசாலைச் சிறுவன். அவ்வாண்டு நத்தாரை ஒரு தென்னங்காணிக் கொட்டிலில் கழித்தோம். பக்கத்துக் கொட்டிலில் மகனை இழந்த ஓர் ஆச்சி இருந்தார். அம்மா எங்கோ தேடிப் பிடித்த கொஞ்ச மாவில் கொழுக்கட்டை அவித்தார். "இந்த நேரத்தில இதெல்லாம் தேவையோ?" என்று அப்பா கேட்டது நினைவிருக்கிறது. அம்மா மறுமொழி சொல்லாமல் முதற் கோப்பையை என் கையிற் தந்து, ஆச்சியிடம் கொடுத்துவரச் சொன்னார். ஆச்சி அதை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். பிறகு சாப்பிட்டார். அப்பாவின் கேள்விக்கு அன்று கிடைத்த மறுமொழி அதுதான் என்பது எனக்குப் பல ஆண்டுகளின் பின்னரே விளங்கியது.

மேசையை விடாதீர்கள்

நம் மறையாசிரியர்கள் சிலர் இக்கதையை நத்தார் நாடகமாக்க விரும்புவதாகக் கூறினர். தாராளமாகச் செய்யலாம். 1223இல் புனித அசிசி பிரான்சிஸ், கிரேச்சியோ மலைக்காட்டில், குளிர் இரவில், தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும் வைத்துப் பெத்லகேமைத் தம் ஊர் மக்களின் கண்முன் கொண்டுவந்தார். அவர் பாலஸ்தீன நாட்டைத் தேடவில்லை. தம் காட்டையே பெத்லகேமாக்கினார். ஆகவே இடம் மாறலாம், பருவம் மாறலாம். பனிக்குப் பஞ்சு கிடைக்காவிட்டாற் கவலையில்லை. வரண்ட குளமும் இலையுதிர்ந்த மரமும் போதும். பனிமான் பூட்டிய சறுக்கு வண்டியும் தேவையில்லை. ஆனால் அந்த மேசையை மட்டும் விடாதீர்கள். கரண்டியால் மேசையில் அடிக்கும் அந்தச் சின்ன அணிலுக்கு, வகுப்பிலேயே மிகச் சிறிய பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள்.

இனி அந்தச் சிறுமிக்கு என் மறுமொழி. பிள்ளை, அவர்கள் பொறுத்திருந்திருந்தாற் தப்பியிருக்கக் கூடும். அதில் உன்னோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பனி உருகியபின் உண்பது எவருக்கும் எளிது. பனிக்குள் இருந்துகொண்டு, வந்தவருக்கு நன்றி சொல்லி, இருந்ததைப் பகிர்ந்து உண்டது அவர்கள் மட்டுமே. நத்தார் அந்தக் காட்டுக்குள் வந்ததை எட்மண்ட் கண்டது அந்த மேசையிற்றான்.

துக்க வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வெடியும் வீண் அலங்காரமும் வேண்டாமென்று நீங்கள் ஒதுங்குவது முறையே. அழுகிறவரைச் சிரிக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் நத்தார் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பாலன் முன் ஒரு விளக்கு, இரவுத் திருப்பலி, வீட்டில் ஒரு நேரம் எல்லோரும் கூடியிருந்து உண்ணும் சோறு. இவை துக்கத்துக்கு அவமரியாதை அல்ல. சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்பதும், அயலவர் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும் நம்மூர் வழக்கம். அந்த வழக்கத்தை எட்டாம் நாளோடும் முப்பத்தோராம் நாளோடும் நிறுத்திவிட வேண்டாம். நத்தாருக்குச் சமைப்பவர்கள் முதற் கோப்பையை இவ்வாண்டு ஒருவரை இழந்த வீட்டுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் கையிற் கொடுத்தனுப்புங்கள்.

வாசகர்கள் அனைவருக்கும், சிறப்பாக இவ்வாண்டு கண்ணீரோடு குடில் கட்டுவோருக்கும், பிறக்கும் பாலனின் ஆசிகள் நிறைவாகக் கிடைப்பதாக.